முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகள்

ஜூலை 4

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் கோபம். போனில் பேசினால் நீ ஒரு ஜெபம் பண்ணி என் வாயை அடைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சபை மாத இதழின் பத்தாம் ஆண்டு மலர்க் கட்டு வந்து சேர்ந்தது. வழக்கம்போல உன் அத்தான் உறை ஒட்டினார், நான் விலாசம் எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டையும் தபாலில் சேர்த்துவிட்டு வந்துதான் மிச்சமிருந்த பிரதியைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் என் சாட்சி.

உன் அத்தானுக்கு மில்லில் தறிச் சத்தத்திலேயே காது போனது, டாக்டர் மிஷின் வைத்தாலும் பயனில்லை என்றது, கோயிலில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தை நோட்டில் எழுத ஆரம்பித்தது, ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்படித்தான் எழுத்து கைவந்தது, இதெல்லாம் நான் எழுதியபடியே இருக்கிறது. முடிவு மட்டும் என்னுடையது இல்லை.

நான் எழுதியது இது: "பதினோரு வருடமாகக் கேட்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் அவர் என் தோளுக்கு மேலாகக் குனிந்து வாசிக்கும்போது அவர் மூச்சு என் கன்னத்தில் படுகிறது. அதற்கு நன்றி சொல்கிறேன்."

நீ போட்டது இது: "ஒரு நாள் விசுவாசத்தோடு காது மிஷினைக் கழற்றி வைத்தார். அன்றே கேட்கத் தொடங்கினார். அல்லேலூயா."

எந்த மிஷின்? எந்த நாள்? அவருக்கு மிஷினே கிடையாது என்பது உனக்குத் தெரியாதா?

அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில், "எனக்குக் காது வந்திருச்சாம். இத எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையாலேயே விலாசம் எழுதி முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் பொய்யை அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த இதழில் திருத்தம் போடு. பிள்ளைகள் நலமா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

உன் அக்கா

*

ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். சின்னவள் நலம்.

நீ இவ்வளவு பதறுவாய் என்று நினைக்கவில்லை. உன் எழுத்து அருமை. ஆனால் சாட்சிப் பக்கத்துக்கு ஒரு முடிவு வேண்டும். "இன்னும் கிடைக்கவில்லை" என்று முடித்தால் சோர்ந்துபோய் வருகிற வாசகர் இன்னும் சோர்ந்துபோவார். மலரில் அப்படி ஒன்று வரக் கூடாது என்று ஆலோசனைக் குழுவும் சொன்னது. நடக்கப்போவதை நடந்ததாகச் சொல்வதும் விசுவாசம்தான். அத்தானுக்குச் சுகம் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன். நீ நம்பவில்லையா?

உன் பிழைகளைத் திருத்தி ஒன்பது வருடமாக அச்சில் ஏற்றுகிறவன் நான். இதுவும் அப்படி ஒரு திருத்தம் என்று எடுத்துக்கொள். எழுதுவது ஊழியம் என்று நீயே சொல்வாய். ஊழியத்துக்குக் கீழ்ப்படிதல் வேண்டும், அக்கா.

அன்புத் தம்பி
ஆசிரியர்

*

ஜூலை 19

தம்பிக்கு,

கீழ்ப்படிதலைப் பற்றி எனக்கா பாடம்?

நான் ஆசைப்பட்டா எழுத வந்தேன்? பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது எழுது என்று உள்ளே ஒரு ஏவுதல் வந்தது. எனக்கு எழுத்துப் பிழை வரும், வேறு ஆளைப் பாரும் என்று ஒரு வருடம் கர்த்தரோடு மல்லுக்கு நின்றவள் நான். விடவில்லை. நடந்ததை எழுது, அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு. அதற்குத்தான் கீழ்ப்படிகிறேன். உன் குழுவுக்கு அல்ல.

நம்பவில்லையா என்று கேட்டிருக்கிறாய். என் ஜெப நோட்டை நீ பார்த்திருக்கிறாய். கேட்டது, கேட்ட தேதி, கிடைத்த தேதி என்று மூன்று பத்தி. உன் அத்தான் காதுக்கு எதிரே மூன்றாம் பத்தி பதினோரு வருடமாகக் காலி. வருஷா வருஷம் புது நோட்டில் அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறேன். நம்பிக்கை இல்லாதவள் அப்படி எழுதுவாளா? அந்தக் காலி இடத்தில் எந்தத் தேதியைப் போடுவது என்று கர்த்தருக்குத் தெரியும். நீ யார் அதை நிரப்ப?

இதை வாதத்துக்காக எழுதவில்லை. நேற்று ஒரு தாய் வந்தாள். இரண்டு பஸ் மாறி, ஆறு வயதுப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, கையில் உன் மலரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. சுகமான ஐயாவைப் பார்க்க வேண்டும், அவர் பிள்ளை தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்றாள். நான் பதில் சொல்வதற்குள் நேராக உள்ளே போய்விட்டாள். உன் அத்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்து நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "ஐயா" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கத்தியே கூப்பிட்டாள். அவர் அடுத்த ஆணியை எடுத்தார்.

அவள் திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து நாளாகப் பிள்ளையின் காது மிஷினைக் கழற்றி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாளாம். அதைப் போட்டால்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கொஞ்சம் கேட்குமாம். மிஷினை வைத்திருந்தால் விசுவாசக் குறைச்சல் என்று பயந்தாளாம். பள்ளிக்கும் அனுப்பவில்லை.

"அப்போ இத எழுதினது யாரு?" என்று கேட்டாள்.

நான் என்று சொல்லவும் முடியவில்லை, நான் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. என் வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை. அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன், உன்னை விட்டுக்கொடுக்காமல் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டுக்குப் போனவுடன் மிஷினைப் போடு என்று சத்தியம் வாங்கினேன்.

இவள் வீடு தேடி வந்தாள். வராத வீடுகளில் எத்தனை அலமாரி பூட்டியிருக்கிறது? திருத்தம் போடு.

அக்கா

*

ஜூலை 25

மதிப்புக்குரிய சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தை ஆலோசனைக் குழுவின் முன் வைத்தேன். ஒரு தனிப்பட்ட நிகழ்வுக்காக இதழின் நற்பெயரைக் கெடுக்க வேண்டியதில்லை என்று குழு கருதுகிறது. திருத்தம் வெளிவராது. தங்கள் கட்டுரைகளும் சில காலம் நிறுத்திவைக்கப்படுகின்றன. ஆகஸ்ட் இதழிலிருந்து விலாசம் எழுதும் வேலை அலுவலகத்திலேயே நடக்கும். கட்டு தங்களுக்கு வராது.

கர்த்தரின் பணியில்,
ஆசிரியர்

*

ஜூலை 28

தம்பி,

தாங்களாம், சகோதரியாம். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளுக்கு நீ எழுதுகிற கடிதமா இது? பக்கத்தில் யாரோ நின்று சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாய். உன் வாக்கியம் எது, அடுத்தவர் வாக்கியம் எது என்று எனக்குத் தெரியாதா?

கட்டு வராவிட்டால் போகட்டும். ஒன்பது வருடம் மாதாமாதம் எழுதின விலாசங்கள். என் நோட்டில் இருக்கின்றன. நோட்டைப் பிடுங்கினாலும் என் விரலில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத்தாள் எழுதுகிறேன். இன்றைக்கு நூற்று நான்கு முடிந்தது. ஒளித்துச் செய்வதற்கு இதில் ஒன்றுமில்லை. நீயே வாசித்துக்கொள்:

"மலரின் மூன்றாம் பக்கச் சாட்சியை எழுதியவள் நான். என் கணவருக்கு இன்றும் காது கேட்காது. மிஷினைக் கழற்றியது நடக்கவில்லை. உங்கள் பிள்ளையின் காதிலிருந்து எதையும் கழற்றாதீர்கள். கர்த்தர் நல்லவர். இதுவும் நடந்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்."

ஆகஸ்ட் பத்து வரை பொறுப்பேன். அதற்குள் நீயாகச் செய்தால் அது உனக்கு நல்லது. எனக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேடையேறி நிற்கிறவன் நீ.

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

கட்டு வந்தது. வராது என்று எழுதிய கட்டு. கடிதம் ஒன்றும் வைக்கவில்லையே என்று மேலும் கீழும் தேடினோம். பிறகுதான் இதழைத் திறந்தேன்.

மூன்றாம் பக்கம், கட்டம் கட்டி. என் துண்டுத்தாளில் இருந்தது அப்படியே. ஒரு புள்ளிகூட நீ மாற்றவில்லை. அதன் கீழே உன் கையெழுத்தோடு ஒரே வரி: "முடிவை மாற்றியவன் நான்."

கடைசிப் பக்கத்தையும் பார்த்தேன். ஆசிரியர் என்ற இடத்தில் உன் பெயர் இல்லை. ஆலோசனைக் குழு என்று போட்டிருக்கிறார்கள். திருத்தம் வர வேண்டுமானால் பதவியை விடு என்றிருப்பார்கள், நீயும் விட்டுவிட்டுக் கடைசியாகக் கட்டை எனக்கு அனுப்பியிருக்கிறாய். கடிதம் ஏன் வரவில்லை என்று அப்போது புரிந்தது. மலருக்குப் பொய்யான முடிவு கேட்டபோது அவர்களுக்கு ஆசிரியர் தேவைப்பட்டார். உண்மை வந்ததும் தேவைப்படவில்லை. உன் மேல் இருந்த கோபத்தில் முக்கால்வாசியை அவர்கள் பக்கம் திருப்பியிருக்கிறேன். கால்வாசி உனக்கு இருக்கட்டும். அந்தப் பிள்ளையின் பத்து நாள் பள்ளிக்கூடத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

உன் அத்தான் அந்த ஒற்றை வரியை வெகுநேரம் பார்த்தார். "இவன் எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு" என்றார். எழுதி வைத்த துண்டுத்தாள்களை வீணாக்கக் கூடாதாம். நாளைப் பிரசங்கத்தை அவற்றின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி அடுக்கி வைத்திருக்கிறார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு உறையும் எழுதி முடித்தேன். பட்டியலில் நீ இல்லை. ஆசிரியருக்கு உறை எழுதும் வழக்கம் நமக்குக் கிடையாது, அவருக்கு அலுவலகத்திலேயே கிடைத்துவிடும். இனி உனக்கு யார் கொடுப்பார்கள்?

உன் அத்தானிடம் இன்னொரு உறை ஒட்டச் சொன்னேன். முந்நூற்றுப் பதின்மூன்று. இதுவரை கடிதங்களைக்கூட அலுவலகத்துக்குத்தான் போட்டேன். உன் வீட்டு விலாசத்தை எழுத இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை, கதவு எண்ணைச் சரிபார்த்துக்கொள்.

இந்தக் கடிதம் அந்த இதழுக்குள்தான் இருக்கிறது, மூன்றாம் பக்கத்தில்.

உன் அக்கா