அழாத பெண்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஷாலினி இன்று நர்சிங் படிப்பை விட்டுச் சொந்த ஊரான பேரணாம்பட்டுக்கே போய்விட்டாள். சேர்க்கை நேர்காணலில் அவளுக்கு அதிக மதிப்பெண் போட்டவள் நான்தான். "இந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் நிப்பா" என்று முதல்வரிடம் அடித்துச் சொன்னேன். விடுதிக்கு வந்த முதல் வாரம் எல்லாப் பெண்களும் வீட்டை நினைத்து அழுதார்கள். இவள் மட்டும் அழவில்லை. வகுப்பில் எல்லோர் முன்னாலும் பாராட்டினேன்.

ஷூ கம்பெனிக்கு லீவு போட்டு வந்திருந்த அவள் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"இங்க இன்னாம்மா குறை?" என்று ஷாலினியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மேடம். வீட்டு ஞாபகம்தான்."

"ஒரு நாள்கூட அழலையே நீ?"

"அழாத பொண்ணுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படி மேடம் அழறது?"

ஆட்டோவில் ஏறியதும் அம்மா மடியில் விழுந்து அழுதாள். அன்று அழுத பெண்களெல்லாம் சிரித்தபடி வார்டுக்குப் போனார்கள்.

நானும் இங்கே படிக்க வந்தபோது அழவில்லை. நெஞ்சுரம் என்றார்கள். நானும் நம்பினேன், நேர்காணலில் அதையே தேடினேன். பெட்டியைத் தூக்க எனக்கும் ஒருவர் வந்திருந்தால் அன்றே போயிருப்பேன்.