பெரிய கணபதி கடந்துபோன பிறகு

பம்பாய் மாட்டுங்கா வாழ் பெரியோர்களே, தாய்மார்களே! என் வெள்ளைச் சட்டைக் காலரில் போன வருஷத்திலிருந்து குடியிருந்த குலால் வண்ணப்பொடிக் கறை, அம்மாவின் பார் சோப்போடு கடைசிவரை போராடி, இன்று காலை குழாயடியில் காலமானது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன்.

இதைக் கேட்டால் முதலில் சிரித்திருப்பவன் நீதான்டா. அது உன் கை பதித்த கறை ஆயிற்றே.

கணபதி கரைத்த அந்தச் சாயங்காலம் ஞாபகமிருக்கா? நம் பில்டிங் பிள்ளையார் கைவண்டியில், சுற்றிலும் நம் ஜனங்கள். தாதர் போகிற ரோட்டில் யாரோ பெரிய விழா மண்டல்காரர்களின் கணபதி லாரியில் வந்தது. டோல் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. அந்தப் பக்கமாக நடந்த நம் பையன்கள் முதலில் தலையாட்டினார்கள், அப்புறம் காலாட்டினார்கள், அப்புறம் காணாமலே போனார்கள். மறுபக்கத்து மாமிகள் மிரண்டு பின்தங்கினார்கள். உருண்டையாகக் கிளம்பிய கூட்டம் ரப்பர் மாதிரி நீண்டுவிட்டது.

"டேய், பிள்ளையாரை அம்போன்னு விட்டுட்டு எங்கடா போறேள்?" என்று செக்ரட்டரி மாமா கத்த, நீ மட்டும் வண்டியைப் பிடித்தபடி குதித்தாய்.

"இதாண்டா! லைப்ரரி பத்திரிகையில படம் காட்டினேனே, பெரிய கேலக்ஸி பக்கத்துல ஒரு குட்டி கேலக்ஸி! நட்சத்திரங்கள் ஒண்ணோட ஒண்ணு மோதிக்காது. ஆனா பெரிசு கிட்ட இருக்கறதை ஜாஸ்தி இழுக்கும், தள்ளி இருக்கறதைக் கம்மியா இழுக்கும். அதான் குட்டி நீண்டுபோய் வால் முளைக்கறது."

"எனக்கு ஏற்கெனவே வால் இருக்குன்னு அம்மா சொல்றாளே" என்றபடி நான் லாரிப் பக்கம் ஆடிக்கொண்டே நழுவினேன். குலால் அப்பிய கையால் காலரைப் பிடித்து இழுத்தாய். "ஓடுகாலி நட்சத்திரமே! வண்டியை யார்டா தள்றது?"

கரைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தபோது கேட்டேன். "பெரிசு தள்ளிப் போயிட்டா, குட்டி பழையபடி ஆயிடுமா?"

"ஆகாதுடா. அது வந்துட்டுப் போன அடையாளம் இது உடம்புலயே இருக்கும்."

தீபாவளிக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது மொட்டை மாடியில் நான் ஜோக் அடித்தால் தண்ணீர்த் தொட்டிதான் கேட்கிறது. அதுவும் சிரிப்பதில்லை.

மற்றபடி நான் பக்கா. கிரிக்கெட் ஆடுகிறேன், வாத்தியார் குடைக்குள் அரிசிப்பொரி கொட்டுகிறேன். "அவன் போய் உனக்கு ஒண்ணுமே ஆகலையேடா" என்று பையன்களே ஆச்சரியப்பட்டார்கள். "நான் என்ன குட்டி கேலக்ஸியா? நான்தான் பெரிசு, அவன்தான் என்னைச் சுத்தினான்" என்று அளந்துவிட்டேன்.

அளந்ததெல்லாம் புளுகுடா. நேற்று ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் காபி வந்ததும், உன்னைப்போலவே நுரையை ஊதி ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் வாய் வைத்திருக்கிறேன். எதிரில் இருந்த பையன், "என்னடா, அவனை மாதிரியே குடிக்கறே?" என்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. அசடு வழிய மிச்சத்தைக் குடித்து முடித்தேன்.

எனக்கு நுரைதானேடா பிடிக்கும்.