போதகர் சத்தியநேசனைத் தாயகம் அழைத்தது யார்?

அனுப்புநர்:
அனிதா சத்தியநேசன், மருத்துவமனைத் தாதி,
கிளமெண்டி, சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள், நிர்வாகக் குழு,
நல்வாசல் தமிழ்த் திருச்சபை,
ஜாலான் புசார், சிங்கப்பூர்.

பொருள்: பொன்விழா மலரில் என் தந்தையார் பற்றி வரவுள்ள பொய்யான வாசகத்தை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

1. புதிய மண்டபத்துக்கு என் தந்தையார், காலஞ்சென்ற போதகர் சத்தியநேசனின் பெயரைச் சூட்டப்போவதாக எழுதி, மலரில் வரவுள்ள அவரது வாழ்க்கைக் குறிப்பையும் எங்கள் ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். ஒப்புதல் இல்லை.

2. 1998இல் ஊரில் ஜெபக்கூட்டம் நடத்தியதற்காக அவருடைய இடது முழங்காலை உடைத்ததை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அடித்தவர்கள் யாரோ; அதை எழுதினால் இங்கே யாருக்கும் நோகாது. சிங்கப்பூரில் அவர் செய்த ஆறாண்டு ஊழியத்தையோ நான்கு வரியில் முடித்து, "2011இல் கர்த்தரின் அழைப்பின்படி தாயகம் திரும்பினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அவரைத் திருப்பி அனுப்பியவர் கர்த்தர் அல்லர். அன்று செயலாளராக இருந்த தாங்கள்.

3. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரத் தொடங்கியதும், திருவிருந்தில் திராட்சை ரசம் பருகச் சபையாருக்கு வெள்ளிப் பாத்திரம், அவர்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் கிண்ணம் என்று குழுவில் தீர்மானம் போட்டீர்கள். தீர்மானத்தில் எழுதிய காரணம் சுகாதாரம். அப்பாவிடம் தனியே சொன்னது, "இவங்க வாய் வச்சா நம்ம ஆளுங்க குடிக்க மாட்டாங்க லா, பாஸ்டர்." அடுத்த ஞாயிறு அப்பா வெள்ளிப் பாத்திரத்தை முதலில் மருதப்பன் என்ற வெல்டரின் கையில் கொடுத்தார். எனக்கு அப்போது பதினேழு வயது; மூன்றாவது வரிசையில் இருந்தேன். குடிக்காமல் முதலில் எழுந்து போனவர் தாங்கள்.

4. அவருடைய வேலை அனுமதி சபையின் பெயரில் இருந்தது. அதை ரத்து செய்யத் தங்களின் ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது. ஒரே மாதத்தில் என் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். சாங்கி விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்தவர் மருதப்பன் மட்டுமே. ரத்துக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.

5. முழங்காலை உடைத்தவர்களை அப்பா ஒரே ஆண்டில் மன்னித்துவிட்டார். பிரசங்கத்தில் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார். தங்களைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. சிங்கப்பூரிலிருந்து துரத்தப்பட்டவர் என்று ஊரில் எந்தச் சபையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2019இல் இறப்பதற்கு முந்தைய வாரம், அந்த ஞாயிறுக்குப் பிறகு சபை பிளவுபட்டது தம்மால்தான் என்று தங்களுக்கே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். அதைத் தபாலில் சேர்த்தவள் நான். பதில் வரவில்லை.

6. ஆகவே அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, நிர்வாகக் குழுதான் அவருடைய வேலை அனுமதியை ரத்து செய்தது என்பதைக் காரணத்தோடு அச்சிட வேண்டுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துத்தான் விழா நடத்தவேண்டும் என்றால், மண்டபத்துக்கு வேறு பெயர் பாருங்கள். தங்கள் பெயரே பொருத்தமாக இருக்கும்.

7. விழா மேடையில் என் தாயாருக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குப் பொன்னாடை வேண்டாம். அப்பாவின் கடிதத்துக்குப் பதில் வேண்டும். அதை மேடையில் அல்லாமல், கிளமெண்டியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். அம்மா எப்போதும் இருப்பார்.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 14.08.2025

இப்படிக்கு,
போதகர் சத்தியநேசனின் மகள்,
(ஒப்பம்) அனிதா சத்தியநேசன்