சத்தம் போடாத மக்கள்

அல்பெர்கேரியா
17 மார்ச் 2025

அன்புள்ள வேணுகா,

தொலைபேசியில் கதைத்தால் சண்டையில் முடிகிறது. கடிதம் என்றால் மற்றவர் முடிக்கும்வரை பொறுக்கத்தான் வேண்டும். புஸ்பராணி அக்கா நீர் தங்கி வேலை செய்யும் கட்டடத்தின் கீழ்மாடியில்தானே வேலை செய்கிறா. அவவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்றுத் தேர்தல் கூட்டம். நகரசபைக்கு ஆலோசனை சொல்லும் வெளிநாட்டவர் சபைக்கு ஒரு தமிழன் போட்டியிடுகிறான் என்று மண்டபம் நிறையச் சனம். நான் ஏன் போட்டியிடுகிறேன் என்று முதலில் காரணங்களைச் சொன்னேன். வதிவிட அனுமதி தாமதமாவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். ஒருவரும் அசையவில்லை. பின்னால் யாரோ வடை முடிந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

பிறகு இதைச் சொன்னேன்:

“நாங்கள் சத்தம் போடாத மக்கள். நீங்கள் தூங்கும்போது படியிறங்கி வேலைக்குப் போகிறோம். நாங்கள் சத்தம் போடாத மக்கள். உங்கள் பெற்றோருக்கு உணவூட்டுகிறோம். நாங்கள் சத்தம் போடாத மக்கள். இன்று ஒருநாள் எங்கள் குரலைக் கேளுங்கள்.”

பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த ஜெசிக்கா அதை இத்தாலியனில் சொன்னாள். மண்டபம் எழுந்து நின்றது. எங்கள் அணியை நடத்தும் இராஜதுரை அண்ணர் கண்ணைத் துடைத்தபடி, “எங்களைப் பற்றி ஆரும் இப்பிடிச் சொல்லேல்லையடா தம்பி” என்றார்.

நம்மவர்களுக்கு வேலை கொடுப்பவர்களை அழைத்து முன்வரிசையில் இருத்தியிருந்தோம். நீர் பராமரிக்கும் முதிய சின்யோராவின் மகனுக்கு நானே பொன்னாடை போர்த்தினேன்.

பேச்சு எப்படி? ஒளிக்காமல் எழுதும்.

உமது
கஜானன்

*

பொலிதேயாமா
20 மார்ச் 2025

அன்புள்ள கஜன்,

பேச்சு நல்லது. அதுதான் கரைச்சல்.

பல்கலைக்கழக விவாத அணியில் நீங்கள் முதலில் பேசுபவர், நான் மறுப்பவள். பழக்கம் போகவில்லை. மூன்று தரம் சொன்னது ஏன் வேலை செய்தது? முதல் தரம் கேட்கிறார்கள். இரண்டாம் தரம் அடையாளம் காண்கிறார்கள். மூன்றாம் தரம் உங்களுக்கு முன்னரே மனதுக்குள் சொல்லிவிடுகிறார்கள். பிறகு அது தங்களுடைய எண்ணம் என்று நம்புகிறார்கள். புஸ்பராணி அக்காவிடம் இதை விளக்கினேன். “உங்கடை மனுசன் வீட்டிலையும் எல்லாத்தையும் மூண்டு தரமோ சொல்லுறவர்?” என்றா.

இன்னொன்று. முன்வரிசையில் இருந்த இத்தாலியர்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கில்லை. ஆனாலும் நீங்கள் அவர்களைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறீர்கள். “உங்கள் பெற்றோருக்கு.” அவர்கள் தலையாட்டியதைப் பின்வரிசை பார்த்தது. அதற்குத்தான் எழுந்து நின்றது.

தங்கி வேலை செய்பவளுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் விடுமுறை. இந்த ஊர் முழுக்க அப்படித்தான். எனக்கு மாசியிலிருந்து வியாழன் இல்லை. இந்த ஞாயிறும் போனது. சின்யோராவின் மகன் உங்கள் கூட்டத்துக்கு வந்ததால் அவரின் அம்மாவுடன் நான் இருக்க வேண்டியதாகிவிட்டது. சிரிக்கலாம்.

திங்கள் காலை வியாழனைக் கேட்க ஆயத்தமாக நின்றேன். அவர் பொன்னாடையை மடித்து என் கையில் தந்தார். “உன் கணவர் அழகாகச் சொன்னார். சத்தமில்லாத மக்கள். அதனால்தான் அம்மாவை உங்களிடம் விடுகிறோம்” என்றார்.

நான் கேட்கவில்லை.

தமிழில் அந்த வாக்கியம் புகழ்ச்சி. இத்தாலியனில் அது நாங்கள் கொடுத்த வாக்குறுதி. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்
வேணுகா

*

அல்பெர்கேரியா
22 மார்ச் 2025

அன்புள்ள வேணுகா,

எடுக்க முடியாது. சுவரொட்டியில் அச்சாகிவிட்டது. கடைக்காரர்கள் என்னைக் கண்டால் அதையே சொல்லி வணக்கம் வைக்கிறார்கள்.

நீர் சொல்வது விளங்குகிறது. ஆனால் மேடையில் “நாங்கள்” என்றால் ஒரு பெரிய கூட்டம். அதற்குள் உம்மைத் தேடக்கூடாது. சந்தைப் பக்கம் சண்டை நடந்தால் வெளிநாட்டவர் எல்லோரையும் சேர்த்தே திட்டுகிறார்கள். நாம் வேறு என்று சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் சத்தம் போடுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள்.

வியாழன் விஷயத்தைத் தேர்தல் முடியட்டும், நானே போய்க் கதைக்கிறேன். அதுவரை பொறும்.

முப்பதாம் தேதி கடைசிக் கூட்டம். பொதுவாகப் பேசுவது போதாது, ஒரு மனிதரைக் காட்ட வேண்டும் என்று அண்ணர் சொல்கிறார். இதைச் சேர்த்திருக்கிறேன்:

“என் மனைவி ஒரு முதிய தாயைத் தன் தாயாகப் பார்க்கிறாள். ஒருநாளும் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.”

வாசித்துக் காட்டியபோது அண்ணர் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். கட்டாயம் வாரும். முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறேன்.

உமது
கஜானன்

*

அல்பெர்கேரியா, புஸ்பராணி அக்கா வீடு
28 மார்ச் 2025

கஜன்,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்று வாசித்தேன். வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நேரே போய் வியாழனைக் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். “கணவரிடம் கேட்டாயா?” என்றார். அப்போதுதான் கத்தினேன். எனக்கே தெரியாத குரல். முற்றத்தைச் சுற்றியிருந்த ஜன்னல்கள் திறந்தன. கீழ்மாடியிலிருந்து அக்கா கைத்துடைப்பானோடு ஓடிவந்தா.

“நீங்கள் இப்படிப்பட்டவர்கள் இல்லையே” என்றார் அவர். நான் என்ற ஒருத்தியை அவர் பார்க்கவேயில்லை. எல்லோரையும் சேர்த்து ஒரே சொல்: நீங்கள்.

இனி எனக்கு அங்கே வேலை இல்லை. சின்யோரா என் கையைப் பிடித்து அழுதா. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். இப்போதைக்கு வீட்டுக்கு வரவில்லை. வந்தால் நீங்கள் விளக்குவீர்கள், நான் ஏற்றுக்கொள்வேன். நீங்கள் நன்றாக விளக்குவீர்கள்.

உங்கள் பேச்சைத் திருத்தவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஞாயிறு வருவேன். முன்வரிசை வேண்டாம்.

வேணுகா

*

அல்பெர்கேரியா
7 ஏப்ரல் 2025

அன்புள்ள வேணுகா,

வென்றுவிட்டேன். நீர் கேள்விப்பட்டிருப்பீர்.

கடைசிக் கூட்டத்தில் உம்மைக் கண்டேன். கதவோரம், அக்காவுக்குப் பக்கத்தில். நீர் போனதைக் காணவில்லை.

உம்மைப் பற்றிய பகுதியை வெட்டியிருந்தேன். அந்த வாக்கியத்தையும் வெட்டியிருந்தேன். இதை நம்பும். “நாங்கள்” என்று தொடங்கி வேறொன்று சொல்லப் போனேன். மண்டபம் விடவில்லை. “சத்தம் போடாத மக்கள்” என்று அவர்களே முடித்தார்கள். இரண்டாம் தரமும் அவர்கள்தான். எவ்வளவு சத்தமாகச் சொன்னார்கள் தெரியுமா.

நான் நிறுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். எல்லோரும் அடங்கினார்கள். பிறகு அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்நாளில் கேட்டதில்லை. மௌனத்தையே பேச்சாக்கிவிட்டாய் என்று அண்ணர் கட்டிப்பிடித்தார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று நினைக்கிறார்கள்.

அது தடுமாற்றம். உமக்குத் தெரியும்தானே? உமக்கு மட்டுமாவது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வாரும்.

உமது
கஜானன்

*

அல்பெர்கேரியா
9 ஏப்ரல் 2025

அன்புள்ள கஜன்,

தெரியும். நீங்கள் தடுமாறும்போது இடது தோள் கொஞ்சம் உயரும். உயர்ந்தது. கண்டேன்.

அதனால்தான் உடனே போகவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றேன். ஓய்ந்த பிறகும் மைக் உங்கள் கையில்தான் இருந்தது. ஒரு வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். நல்ல வாக்கியமாக இருக்க வேண்டியதில்லை. நாங்கள் அப்படி இல்லை என்று சொல்லியிருந்தாலே போதும்.

“நன்றி” என்றீர்கள். அப்போதுதான் வெளியே வந்தேன்.

வெற்றிக்கு வாழ்த்துகள். கேலியாகச் சொல்லவில்லை. வதிவிட அனுமதி விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பகுதிக்குத்தான் ஒருவரும் கை தட்டவில்லை, ஆனால் உங்கள் பேச்சில் நான் முழுக்க நம்பியது அது ஒன்றைத்தான்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் திங்கள் முதல் வேலை. தங்க வேண்டியதில்லை. இரவு எங்கே போவது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னும் செய்யவில்லை.

நாளை வியாழன். பின்னேரம் உடுப்பு எடுக்க வருவேன். நீங்கள் வீட்டில் இருந்தால் கதைக்கலாம். எழுதி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

வேணுகா