பதினோரு நாள் மூச்சு

உன் முகமூடியின் வார்களில் காய்ச்சிய எண்ணெய் மணக்கிறது.

இன்று காலை உன் தங்கை அந்த மூச்சு இயந்திரத்தை மார்த்தாண்டத்தில் என் பணிமனையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்தவருக்குக் கொடுக்கும் முன் கழுவிச் சோதிப்பது என் வேலை. குழாயைக் கழற்றினேன். வாரைச் சோப்புத் தண்ணீரில் போடப் போனபோது அந்த மணம் வந்தது. கையோன்னி இலை இட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். நீ பள்ளிக் காலத்திலேயே தலையில் எண்ணெய் தொடாதவன். உன் வீட்டில் அந்த எண்ணெய் ஒரே ஒருவர் தலையில்தான் மணக்கும். உன் அப்பா.

வாரை நனைக்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் பதிந்து வைக்கும் கார்டை இயந்திரத்திலிருந்து உருவிக் கணினியில் செருகினேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். செத்தவனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். வேறு யாரிடம் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கருங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பாதி மூடிய உன் இமைகளைப் பார்த்து வாத்தியார் சாக்பீஸ் எறிவார். நீ உறங்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் நான்தான் எழுந்து சொல்ல வேண்டும். இமை தானாக இறங்குகிறது, தசை தூக்கவில்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதெல்லாம் உனக்கு இருபத்து நாலு வயதில்தான் தெரிந்தது. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுது. கண், கால், கடைசியில் மூச்சை இழுக்கும் தசை. நீ அதைச் சுருக்கமாகச் சொல்வாய்: "எனக்குள்ள எப்பவும் கரண்டு கட்டுடே. சாயங்காலம் வரத் தாங்காது."

சந்திப்புக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் டைப் அடித்தாய். ஒருநாள் கீபோர்டில் கை வைத்தபடியே உறங்கிப்போனாய். மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் இரண்டு வரி முழுக்க ஒரே எழுத்து. "பெரிய படிப்பு படிச்ச மாப்பிள போல, பட்டம் நீளமா கெடக்கு" என்று நீயே சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. காலையில் தலைவலி, பகலெல்லாம் உறக்கம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். உறக்கத்தில் உன் மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது, கரியமில வாயு வெளியேறாமல் தங்குகிறது. ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள். இயந்திரம் வேண்டும். நீ இழுக்கும்போது அது காற்றைத் தள்ளிக் கொடுக்கும், விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும். நீ இழுக்க மறந்தால் அதுவே தள்ளும்.

எங்கள் சர்ச் சபையார் இரவல் கொடுக்கவென்று வாங்கிய மூன்று இயந்திரங்கள் என் பொறுப்பில் இருந்தன. காத்திருப்போர் பட்டியல் நீளம். அதனால் ஒரு விதி வைத்தேன்: ஒரு நாளைக்கு நாலு மணி நேரமாவது ஓட வேண்டும். ஓடவில்லையென்றால் அடுத்தவருக்குப் போகும். விதி என்னுடையது. உனக்காகத் தளர்த்தவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். நுழைந்ததும் கார்டு.

"வந்த ஒடனே கார்டப் புடுங்குத. எனக்க மூஞ்சிய ஒருதரம் பாருடே."

"உனக்க மூஞ்சி பொய் சொல்லும். கார்டு சொல்லாது."

முதல் இரண்டு ஞாயிறும் கணக்கு மோசம். சின்ன மூச்சு, பாதிக்கு மேல் இயந்திரமே தள்ளிய மூச்சு, ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்தம். ஏசினேன். அப்போது நீ ஒன்று சொன்னாய். "கண்ணுல காத்து அடிக்குது மக்கா. தூக்காத இமை முழுசா மூடவும் செய்யல்லல்லா, காலைல மணலு விழுந்தது மாதிரி கெடக்கு." நான் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "மாஸ்க்கு வார இறுக்குடே. அவ்வளவுதான் சங்கதி" என்றேன். அதற்கப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து கணக்கு மாறியது. தினம் ஐந்து மணி நேரம். ஆழமான மூச்சு, கிட்டத்தட்ட எல்லாம் தானாக இழுத்த மூச்சு. உன் வியாதியில் தசை அப்படித் திடீரென்று தேறாது. இது எனக்குத் தெரியும். தொழில் படித்தவன் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் உன் முதுகில் தட்டினேன். கட்டன் சாயா ரெண்டு கிளாஸ் குடித்தேன்.

"மழ பெஞ்ச அன்னிக்கு மட்டும் ஆறு மணி வர ஒறங்கியிருக்க. சுகவாசிதான்லே நீ!"

"மழைல நல்ல ஒறக்கமாக்கும்" என்றாய். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

சரி, அதுவரை மன்னிக்கலாம். பயந்தவன் செய்கிற காரியம். ஆனால் திருவனந்தபுரத்தில் உறக்கப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருந்தோம். கார்டைப் பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன்: "இப்ப அவசரம் இல்ல, மூச்சு நல்லா ஏறிட்டு. மழ முடிஞ்சு போலாம்." அந்த மூச்சு உன்னுடையது இல்லை என்று உனக்குத் தெரியும். நீ தலையாட்டினாய். பிளேட்டில் இருந்த மரச்சீனிக் கிழங்கை என் பக்கம் தள்ளிவிட்டாய்.

ஐப்பசியில் சளி பிடித்தது. மூன்றாம் நாள் நீ எழுந்திருக்கவில்லை. உன் அடக்கத்தில் என்னைப் பார்த்து ஆளாளுக்குச் சொன்னார்கள், உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சே மக்கா என்று. நானும் நம்பினேன்.

இன்றைக்குக் கார்டை வேறு மாதிரி படித்தேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து இயந்திரம் நிற்கும் நேரம் ஒன்றுபோல அதிகாலை இரண்டரை மணி. உன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் புறப்படும் நேரம். மழை நாளில் வெட்டு கிடையாது. மழை நாளில் மட்டும் இயந்திரம் விடியும்வரை ஓடியிருக்கிறது.

மத்தியானமே பைக்கை எடுத்தேன். உன் அப்பா வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்த மெஷின நீங்களா போட்டீங்க?"

அவர் திரும்பவில்லை. ஷீட்டின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"ஆரு சொன்னா ஒனக்கு?"

"வாருல உங்க எண்ண மணக்கு."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "அவன்தான் சொன்னான், நீங்க போடுங்கப்பா, இல்லேன்னா அவன் வந்து தூக்கிட்டுப் போயிருவான்னு. நீயும் சொன்னல்லா, நாலு மணிக்கூர் ஓடலேன்னா எடுத்திருவேன்னு. வீட்டுல கெடந்தா என்னைக்காவது போடுவான்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"சொன்னா நீ ஏசுவ." துண்டை உதறித் தோளில் போட்டார். "அத மாட்டுனா எனக்கு நல்ல ஒறக்கம் வந்துது மக்கா. அதத்தான் தாங்க முடியல்ல."

உங்கள் மூச்சைப் பார்த்துத்தான் பரிசோதனையைத் தள்ளிப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் எதையும் யாரிடமும் மறைத்துப் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். அவருக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. மகன் முகமூடி போடவில்லை, அதனால் போய்விட்டான் என்ற அளவில் நிற்கிறார். தன் மூச்சுதான் அந்தப் பயணத்தை நிறுத்தியது என்று தெரியாது. "சாயா குடிக்கியா?" என்று கேட்டார். குடித்தேன். சொல்லவில்லை.

ஆக, இப்போது உன் பொய்யில் நானும் கூட்டு. அதை என்னிடம் கேட்காமலே என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். என் அவசரம் இதில் எவ்வளவு என்று நான் கணக்குப் போடாமல் இல்லை. ஆனாலும் கண்ணைப் பற்றி ஒருமுறை சொல்லிப் பார்த்தவன் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். இருபது வருடப் பழக்கத்தில் அந்த உரிமை உனக்கு இல்லாமலா போயிற்று?

திங்கட்கிழமை இயந்திரம் தேங்காப்பட்டணத்தில் ஒரு அக்காவுக்குப் போகிறது. இன்று போனில் அவர், எத்தனை மணிக்கூர் ஓடணும் தம்பி என்று கேட்டார். அதை அப்புறம் பார்ப்போம், மாட்டினால் எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

கொடுக்கும் முன் கார்டை அழிக்க வேண்டும். அழித்துவிட்டேன். உன் அப்பா நிம்மதியாக உறங்கிய நாட்கள் எல்லாம் போயின. முதல் பதினோரு நாளை மட்டும் என் கணினியில் எடுத்து வைத்திருக்கிறேன். சின்னச் சின்ன மூச்சு, கோணல் மாணலாக, நடுநடுவே நின்று. மோசம் என்று உன் முகத்துக்கு நேரே நான் ஏசிய மூச்சு. நீ என்னிடம் பொய் சொல்லாத கடைசிப் பதினோரு நாள் அது.