பச்சை மட்டை தின்னும் மெஷின்

என்னங்க,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்பும் உங்கள் ரூம்மேட் ஜெரோமிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் தொடங்கப்போகும் தோட்டப் பராமரிப்புத் தொழிலுக்கு, வெட்டிய கிளைகளைத் தூளாக்கும் மெஷின் பார்க்கப் புதுக்கோட்டை போனேன். கடைக்காரர் காய்ந்த முருங்கைக் குச்சியைப் போட்டுக் காட்டினார். அதற்கெல்லாம் மசிவேனா? பச்சைத் தென்னைமட்டையைத் துண்டு போட்டுச் சாக்கில் கட்டி, கண்டக்டர் முறைக்க முறைக்க ஆவூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோயிருந்தேன். சின்ன மெஷினில் நார் சுற்றிக்கொண்டு, அது நின்றேவிட்டது. பெரியது அத்தனை மட்டையையும் மொறுமொறுவென்று தின்றது.

"அக்கா, சின்னதை நீங்க தனியா ஓட்டிக்கலாம். பெருசுக்கு ரெண்டு ஆள் வேணுங்க."

"இன்னொரு ஆளு இருக்காருங்க. சிங்கப்பூர்ல ரோட்டு மரத்துல வெட்டுற கிளையையெல்லாம் இதுமாதிரி மெஷின்லதான் விடுறாரு."

பெரியதையே எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் அங்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் உங்கள் இஷ்டம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் இனாமாக இரண்டு ஜோடி கிளவுஸ் தந்தார். ஒன்று எனக்குக் கச்சிதம். இன்னொன்றைப் பெரிய கைக்காகப் பார்த்து நானே பொறுக்கினேன்.

இப்படிக்கு,
அந்த ரெண்டு ஆளில் ஒருத்தி