ரிசீவர் மேல் பழி வேண்டாம்

என்னங்க,

கடைக்காரத் தம்பி வந்தால் ஹோம் தியேட்டரில் ஸ்பீக்கர்களுக்கு ஒலி அனுப்பும் ரிசீவர் பெட்டியைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நடுத்தர விலையில் இது நாம் மாற்றிப் பார்க்கும் மூன்றாவது. “இதுலயும் பேச்சு புரியல, வெறும் இரைச்சல்தான்”னு நேற்று நீங்கள் போட்ட சத்தத்துக்கு நான் பதில் பேசாததற்குக் காரணம் உண்டு.

அந்தத் தம்பி நேற்று வந்து உங்கள் இருக்கையில் மைக்கை வைத்து ஒலியை அளந்தான். பெட்டியில் குறையே இல்லை. வசனம் வருகிற நடு ஸ்பீக்கரையும் நீங்கள் கடைசி வரை ஏற்றி வைத்திருக்கிறீர்களாம். “அக்கா, இதைவிடப் பெரிசு வாங்கினாலும் இதே கதைதான். சாரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க” என்றான். நீங்கள் எங்களுக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றீர்கள். திரும்பவே இல்லை.

சாயங்காலம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வேலை முடிந்து நேரே வந்து அழைத்துப்போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது.

பி.கு.: கோபத்தில் வரமாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். நேற்று படம் ஓடும்போது பாப்பா உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, “அப்பா ஏம்மா என்கூடப் பேச மாட்டேங்கறாரு?” என்று கேட்டாள். அவள் பள்ளிவிட்டு வந்ததும் காரணத்தை நீங்களே சொல்லுங்கள்.